இடறவைக்கும் வசனங்களை விட்டு ஓடாமல் வாசிப்பது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

வேதாகமத்தைத் தொடர்ந்து வாசிப்பவர் எவரும் ஒரு நாள் சங்கீதம் 137க்கு வந்து சேர்வார். பாபிலோன் ஆறுகள் அருகே உட்கார்ந்து அழும் வரிகளில் தொடங்கும் அந்தப் பாட்டு, பாபிலோனின் குழந்தைகளைப் பிடித்துக் கல்லின்மேல் மோதுகிறவன் பாக்கியவான் என்று முடிகிறது. முதல் வரிகளை மெட்டமைத்துப் பாடுகிறோம். கடைசி வரி வந்ததும் பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். யோசுவாவின் போர்கள், ஈசாக்கைப் பலியிடச் சொன்ன கட்டளை, நியாயாதிபதிகள் 19ஆம் அதிகாரம், தகப்பனையும் தாயையும் வெறுக்காதவன் எனக்குச் சீஷனாக இருக்கமாட்டான் என்ற இயேசுவின் சொல் என ஒவ்வொருவர் மனதிலும் இப்படி ஒரு பட்டியல் இருக்கிறது.

பட்டியலிலுள்ளவற்றை வெட்டி எறிந்துவிடலாம் என்று முதலில் துணிந்தவர் மார்சியோன். பழைய ஏற்பாடு முழுவதையும் ஒதுக்கிவிட்டு, லூக்கா சுவிசேஷத்தைத் திருத்தி, பவுலின் பத்து நிருபங்களை மட்டும் வைத்துக்கொண்ட அவரை ரோமாபுரிச் சபை கி.பி. 144இல் விலக்கியது. வெட்டுகிறவர்கள் எப்போதும் நல்லெண்ணத்தோடு வெட்டுவதில்லை. 1807இல், பிரிட்டிஷ் மேற்கிந்தியத் தீவுகளின் அடிமைகளுக்கென்று லண்டனில் ஒரு சுருக்க வேதாகமம் அச்சானது. இஸ்ரவேலர் எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து புறப்பட்ட கதை அதில் இல்லை. கத்தரியைக் கையில் வைத்திருந்தவர்களுக்கு எது கடினமான பகுதியாக இருந்தது என்பது அதிலிருந்தே தெரிகிறது.

வேதவாக்கியங்களெல்லாம் உபதேசத்துக்கும் கடிந்துகொள்ளுதலுக்கும் சீர்திருத்தலுக்கும் பிரயோஜனமுள்ளவை என்று 2 தீமோத்தேயு 3:16 சொல்கிறது. எல்லாம் எளிது என்றோ, எல்லாவற்றையும் பார்த்து அப்படியே நடக்கவேண்டும் என்றோ அந்த வசனம் சொல்லவில்லை. ஒரு பகுதியின் கடினம் தீர்ந்த பிறகுதான் அது நமக்குப் போதிக்கத் தொடங்கும் என்று நினைக்கிறோம். என் துணிபு வேறு: அந்த உறுத்தலின் வழியாகவே அது போதிக்கிறது. உறுத்தலை எப்படிக் கையாள்வது என்பதைத்தான் கீழே படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: உங்கள் சிக்கல் எந்த வகை?

"கடினமான வசனம்" என்று ஒரே பெயரில் மூன்று வேறு சிக்கல்களைச் சொல்கிறோம்.

சில பகுதிகள் புரிவதில்லை. மரித்தவர்களுக்காக ஞானஸ்நானம் பெறுவது (1 கொரிந்தியர் 15:29), காவலிலுள்ள ஆவிகளுக்குப் பிரசங்கித்தது (1 பேதுரு 3:19) போன்றவை இந்த வகை. நல்ல விளக்கவுரை ஒன்றைப் பாருங்கள். அதற்குப் பிறகும் விளங்காவிட்டால் பெரிய சேதம் ஒன்றுமில்லை. பவுலின் நிருபங்களில் அறிகிறதற்கு அரிதான காரியங்கள் உண்டு என்று பேதுருவின் இரண்டாம் நிருபமே (3:16) ஒப்புக்கொள்கிறது.

வேறு சில பகுதிகள் நன்றாகவே புரிகின்றன, ஆனால் மனம் ஒப்புவதில்லை. கானானியரின் அழிவு இந்த வகை. இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி இவற்றைப் பற்றியதே.

மூன்றாவது வகையைப் பலர் பட்டியலில் சேர்ப்பதே இல்லை. புரிகிறது, மனமும் ஒப்புகிறது, செய்யத்தான் விருப்பமில்லை. உனக்கு உண்டானவைகளையெல்லாம் விற்றுத் தரித்திரருக்குக் கொடு என்று மாற்கு 10:21இல் கேட்டவன் துக்கத்தோடு போய்விட்டான். நாமோ துக்கம்கூடப் படாமல் அடுத்த பத்திக்குப் போகிறோம். யோசுவாவின் போர்களைப் பற்றி மணிக்கணக்கில் விவாதிப்பவர்கள் இந்த வசனத்தில் ஒரு நிமிடமும் தடுமாறுவதில்லை என்பது எனக்கு எப்போதும் வேடிக்கையாகவே இருக்கிறது.

வகையைக் கண்டுபிடிக்க, "இந்தப் பகுதி என்னை உறுத்துவதற்குக் காரணம்" என்று எழுதத் தொடங்கி வாக்கியத்தை முடியுங்கள். "தேவன் இப்படிப்பட்டவரா என்று பயமாக இருக்கிறது" என்று முடியலாம். "என் பணத்தைத் தொடுகிறது" என்றும் முடியலாம். கூச்சப்படாமல் உள்ளதை எழுதுங்கள். இனி வரும் படிகள் எல்லாம் இந்த ஒரு வாக்கியத்தை வைத்துத்தான் நடக்கும்.

படி 2: விளக்கவுரையைத் திறக்குமுன் வாய்விட்டு வாசியுங்கள்

இரண்டு முறை, நிதானமாக. கண் தாவும் இடத்தில் நாக்கு தாவ முடியாது. ஆதியாகமம் 22ஐ எடுத்துக்கொள்ளுங்கள். தேவன் ஆபிரகாமைச் சோதித்தார் என்று முதல் வசனமே வாசகனுக்குச் சொல்லிவிடுகிறது. ஆபிரகாமுக்கு அதை யாரும் சொல்லவில்லை. மலையேறும்போது தகப்பனும் மகனும் கூடிப்போனார்கள் என்ற வரி 6ஆம் வசனத்தில் வருகிறது, 8இல் மறுபடியும் வருகிறது. அந்த இரண்டுக்கும் நடுவில்தான் ஈசாக்கு, நெருப்பும் கட்டையும் இருக்கிறதே, ஆட்டுக்குட்டி எங்கே என்று கேட்கிறான். இறங்கி வரும்போது, 19ஆம் வசனத்தில், ஆபிரகாம் வேலைக்காரரிடத்துக்குத் திரும்பி வந்தான் என்று மட்டும் இருக்கிறது. ஈசாக்கின் பெயர் அங்கே இல்லை. அதன்பின் தகப்பனும் மகனும் பேசிக்கொண்டதாக ஆதியாகமத்தில் ஓரிடமும் இல்லை.

"விசுவாசத்தின் வெற்றி" என்ற தலைப்பை மட்டும் நினைவில் வைத்து வாசிப்பவர் இவற்றைப் பார்க்கமாட்டார். கதை தன் காயத்தை மறைக்கவில்லை, அந்தத் தலைப்புத்தான் அதை மூடுகிறது. சோதோமுக்காக, சர்வலோக நியாயாதிபதி நீதிசெய்யாதிருப்பாரோ என்று வாதாடிய (18:25) அதே ஆபிரகாம், சொந்த மகனுக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. ஏன்? இந்தக் கேள்வியைக் குறித்துவையுங்கள். பதில் தேடி இப்போதே ஓடவேண்டாம்.

படி 3: பேசுகிறவர் யார்?

வேதாகமத்தில் எழுதப்பட்டிருப்பதால் ஒரு வாக்கியம் தேவனுடைய கருத்தாகிவிடாது. உன் துவக்கம் அற்பமாயிருந்தாலும் உன் முடிவு சம்பூரணமாயிருக்கும் என்பது வாக்குத்தத்தமாகப் பலரும் மனப்பாடம் செய்திருக்கும் வசனம். யோபு 8:7. பேசுகிறவன் பில்தாத். மூன்று வசனங்களுக்கு முன்னால் இதே பில்தாத், பிள்ளைகளைப் பறிகொடுத்து உட்கார்ந்திருக்கும் யோபிடம், உன் பிள்ளைகள் பாவம் செய்ததற்கான பலனை அடைந்தார்கள் என்ற கருத்தில் பேசியிருக்கிறான். புத்தகத்தின் கடைசியில் (42:7) தேவன், நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்று யோபின் சிநேகிதர்களைக் கடிந்துகொள்கிறார். இனிமையாக ஒலிக்கும் வசனத்துக்குள்ளும் இப்படி ஒரு கடினம் ஒளிந்திருக்கும். "யார், யாரிடம், எப்போது" என்று கேட்டால் போதும், பாதி வெளியே வந்துவிடும்.

கதையைச் சொல்வது வேறு, ஆமோதிப்பது வேறு. இந்த வேறுபாடு ஐந்தாவது படியில் நமக்கு மிகவும் தேவைப்படும்.

படி 4: வேதத்தை வேதத்தோடு வைத்துப் பாருங்கள்

தெளிவான பகுதிகளின் வெளிச்சத்தில் இருண்டவற்றை வாசிக்கவேண்டும் என்பது சபைப் பிதா அகஸ்தீன் (354–430) வற்புறுத்திய பழைய விதி. லூக்கா 14:26இல் பெற்றோரை வெறுக்கச் சொல்லும் வரியை மத்தேயு 10:37இன் பக்கத்தில் வையுங்கள். என்னிலும் அதிகமாய்த் தகப்பனையாவது தாயையாவது நேசிக்கிறவன் என்று அங்கே இருக்கிறது. காணிக்கையைச் சாக்காக வைத்துப் பெற்றோரைக் கைவிட்டவர்களை இயேசு கடிந்துகொண்டதையும் (மாற்கு 7:9–13) சேர்த்துப் பாருங்கள். இந்தச் சிக்கல் சீக்கிரமே அவிழ்ந்துவிடும்.

யோசுவாவின் போர்கள் அவ்வளவு சீக்கிரம் அவிழ்வதில்லை. உபாகமம் 7:2 அந்த ஜாதிகளை முற்றிலும் அழிக்கச் சொல்கிறது. அடுத்த வசனமே அவர்களோடு சம்பந்தம் கலக்காதே என்கிறது. அழிந்துபோனவர்களோடு யார் சம்பந்தம் பேசப் போகிறார்கள்? யோசுவா 11இல் ஏனாக்கியர் எப்ரோனிலிருந்து சங்கரிக்கப்பட்டுவிட்டார்கள், ஆனால் 15ஆம் அதிகாரத்தில் காலேப் அதே எப்ரோனிலிருந்து ஏனாக்கின் மூன்று குமாரரைத் துரத்துகிறான். ஒருவரையும் மீதியாக வைக்கவில்லை என்று யோசுவா 10:40 சொன்ன பிறகும், நியாயாதிபதிகள் முதல் அதிகாரம் துரத்தப்படாத கானானியரை ஊர் ஊராக எண்ணிச் சொல்கிறது.

அக்காலத்துப் போர்க்கல்வெட்டுகள் பேசிய விதத்தைப் பார்த்தால் இது ஓரளவு விளங்கும். எகிப்தின் மெர்னெப்டா மன்னன் சுமார் கி.மு. 1208இல் இஸ்ரவேலின் வித்தே இல்லாமற்போயிற்று என்று கல்லில் பொறித்தான். கி.மு. 9ஆம் நூற்றாண்டில் மோவாபின் ராஜா மேசா, இஸ்ரவேல் என்றென்றைக்கும் அழிந்தது என்று எழுதிவைத்தான். இரண்டு கல்வெட்டுகளுக்குப் பின்னும் இஸ்ரவேல் இருந்தது. "அடியோடு அழித்தோம்" என்பது அந்தக் காலத்து வெற்றி முழக்கம்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. இந்த விளக்கம் எண்ணிக்கையைக் குறைக்கிறதே தவிர, கட்டளையை இல்லாமலாக்குவதில்லை. ஒரே ஒரு குழந்தை மட்டும் இறந்திருந்தாலும் உங்கள் கேள்வி அப்படியேதான் நிற்கிறது. சரித்திர விளக்கம் கிடைத்தவுடன் "அப்பாடா" என்று புத்தகத்தை மூடுகிறவர், முதல் படியில் எழுதிய வாக்கியத்தை ஒருமுறை எடுத்துப் பார்க்கவேண்டும்.

வேதாகமமே இந்தக் கதையை அந்த இடத்தில் விட்டுவிடவில்லை. எரிகோவின் ராகாப் இயேசுவின் வம்சவரலாற்றில் வருகிறாள் (மத்தேயு 1:5). மாற்கு சீரோபேனிக்கியா தேசத்தாள் என்று அழைக்கும் பெண்ணை மத்தேயு 15ஆம் அதிகாரம் கானானிய ஸ்திரீ என்கிறது. யோசுவாவின் காலத்துப் பகைவர் பெயரை அவளுக்குக் கொடுத்து, கடைசியில் உன் விசுவாசம் பெரிது என்று இயேசுவின் வாயாலேயே சொல்லவைக்கிறது. யோசுவாவை வாசிக்கும் நாளில் மத்தேயு 15ஐயும் வாசியுங்கள்.

படி 5: ஒரு பகுதியை முழுமையாக நடந்து பார்ப்போம்

நியாயாதிபதிகள் 19. இதைப் பிரசங்க மேடையில் கேட்டவர்கள் குறைவு.

ஒரு லேவியனின் மறுமனையாட்டி அவனை விட்டுப் பெத்லெகேமிலுள்ள தகப்பன் வீட்டுக்குப் போய்விடுகிறாள். நான்கு மாதம் கழித்து, அவளோடு அன்பாய்ப் பேசித் திரும்ப அழைத்துவர அவன் புறப்படுகிறான். அவன் அப்படிப் பேசியதாக அதிகாரத்தில் ஒரு வரியும் இல்லை. மாமனாரும் மருமகனும் சாப்பிட்டுக் குடித்து மகிழ்ந்திருப்பதுதான் விரிவாக வருகிறது. திரும்பும் வழியில், அந்நியரின் பட்டணம் வேண்டாம் என்று எபூசைத் தாண்டி, சொந்த ஜனமான பென்யமீனரின் கிபியாவில் தங்குகிறார்கள். இரவில் ஊரார் வீட்டைச் சூழ்ந்து அந்த மனிதனை வெளியே விடச் சொல்கிறார்கள். அவன் தன் மறுமனையாட்டியைப் பிடித்து வெளியே விடுகிறான். விடியும்வரை அவளைச் சீரழிக்கிறார்கள். காலையில் அவன் பயணப்படக் கதவைத் திறக்கிறான். அவள் கைகள் வாசற்படியின்மேல் கிடக்கின்றன. எழுந்திரு, போகலாம் என்கிறான். பதில் இல்லை. அவள் எப்போது உயிர்விட்டாள் என்பதை அதிகாரம் தெளிவாகச் சொல்வதில்லை. அவளுக்குப் பெயரும் இல்லை, பேச்சும் இல்லை.

அடுத்த அதிகாரத்துக்குப் போகாமல் இந்தக் கதை முடியாது. 20:5இல் லேவியன் சபைக்கு முன் சாட்சி சொல்கிறான்: என்னைக் கொல்ல நினைத்தார்கள், என் மறுமனையாட்டியை அவமானப்படுத்தினார்கள், அவள் செத்துப்போனாள். அவளை வெளியே விட்ட கை யாருடையது என்பதை அவன் சொல்லவில்லை. அந்தச் சாட்சியைக் கேட்டு ஒரு தேசமே போருக்குப் புறப்படுகிறது. பென்யமீனில் 600 பேர் மிஞ்சுகிறார்கள். அவர்களுக்கு மனைவிகள் வேண்டுமென்று யாபேஸ் கீலேயாத் ஊராரை வெட்டி, 400 கன்னிகைகளைக் கொண்டுவருகிறார்கள். அதுவும் போதாமல், சீலோவில் நடனமாட வந்த பெண்களைப் பிடித்துக்கொள்ளச் சொல்கிறார்கள். ஒரு பெண்ணுக்கு நியாயம் கேட்டுத் தொடங்கியது இப்படி முடிகிறது.

இதை யாரும் ஆமோதிக்கவில்லை. அவனவன் தன் தன் பார்வைக்குச் சரிபோனபடி செய்தான் என்ற வரியோடுதான் புத்தகம் முடிகிறது. நூற்றாண்டுகள் கழித்து ஓசியா, கிபியாவின் நாட்களைச் சீர்கேட்டின் அடையாளமாக இரண்டு முறை நினைவூட்டுகிறார் (9:9, 10:9).

சரி, ஆவிக்குரிய போதனை எங்கே? 19:30ஐப் பாருங்கள். நடந்ததைக் கண்டவர்கள், இதை யோசியுங்கள், ஆலோசனைபண்ணுங்கள், பேசுங்கள் என்கிறார்கள். இந்த அதிகாரத்தை எப்படி வாசிப்பது என்பதற்கு இதைவிட நல்ல வழிமுறை எனக்குத் தெரியாது. உங்கள் குறிப்பேட்டில் இவற்றைக் கேளுங்கள்: நான் அறிந்த சம்பவங்களில் யாருடைய சாட்சியை மட்டும் கேட்டு நியாயம் தீர்த்தேன்? என் சொந்தச் சாட்சியில் எந்த வரியை விட்டுவிட்டுச் சொல்கிறேன்? அந்நியர்தான் ஆபத்து என்று நம்பி எபூசைத் தாண்டிப் போகிறேனா? என் வீட்டிலும் சபையிலும் வாசற்படியில் கிடப்பவர் யார்? இந்தக் கேள்விகளை எழுப்ப இன்பமான எந்தச் சங்கீதத்தாலும் முடியாது.

படி 6: அன்பின் அளவுகோல்

ஒரு விளக்கம் சரியா என்று பார்க்க அகஸ்தீன் கொடுத்த அளவுகோல் கறாரானது. உங்கள் வாசிப்பு தேவனிடத்திலும் பிறனிடத்திலும் அன்பைக் கட்டியெழுப்பாவிட்டால், நீங்கள் இன்னும் புரிந்துகொள்ளவில்லை. யோசுவாவைக் காட்டி ஒரு கூட்டத்தாரைத் துரத்தலாம் என்றோ, நியாயாதிபதிகளைக் காட்டிப் பெண்களை அடக்கலாம் என்றோ வரும் எந்த விளக்கமும், எத்தனை வசன ஆதாரம் வைத்திருந்தாலும், இங்கே தோற்றுவிடுகிறது.

அவருக்கும் முந்தைய வேத அறிஞர் ஒரிகன் (சுமார் 185–253), வேதத்தில் இடறலான இடங்களைத் தேவனே வைத்திருக்கிறார் என்று எழுதினார். எல்லாம் வழுக்கிக்கொண்டு போனால் மேலோட்டமான பொருளோடு நின்றுவிடுவோம் என்பது அவர் எண்ணம். யோசுவாவின் போர்களை உள்ளத்திலுள்ள துர்க்குணங்களோடு நடக்கும் போராக வாசித்தார். சங்கீதம் 137இன் குழந்தைகளை, வளருமுன் நொறுக்கவேண்டிய தீய எண்ணங்கள் என்றார். பல நூற்றாண்டுகள் துறவிகள் இப்படித்தான் ஜெபித்தார்கள். அதில் பெரிய பயன் உண்டு. ஆனால் நேரே அங்கே தாவினால், ஆற்றங்கரையில் அழுத உண்மையான மனிதர்கள் மறைந்துபோவார்கள். ஒரிகனின் வழியை முதல் வாசிப்பாக வைக்காதீர்கள், மூன்றாவதாக வைத்துக்கொள்ளுங்கள்.

படி 7: ஜெபத்துக்குள் கொண்டுபோங்கள்

கத்தோலிக்கத் திருச்சபை 1971இல் வெளியிட்ட அன்றாட ஜெபப் புத்தகமான திருப்புகழ்மாலையில் சங்கீதம் 58, 83, 109 மூன்றும் சேர்க்கப்படவில்லை. வேறு சங்கீதங்களிலும் சாப வரிகள் நீக்கப்பட்டன. பலர் கூடிப் பாடும் இடத்தில் அதற்கு நியாயம் உண்டு. தனி ஜெபத்திலிருந்தும் அவை போய்விட்டால் நஷ்டம் நமக்குத்தான்.

137ஐப் பாடினவன் எருசலேம் எரிந்ததைக் கண்ட தலைமுறை. கி.மு. 587/586இல் அது நடந்தது. நீ எங்களுக்குச் செய்தபடி உனக்குச் செய்கிறவன் என்று 8ஆம் வசனம் சொல்வதை வைத்துப் பார்த்தால், கல்லின்மேல் மோதப்பட்டவை முதலில் யாருடைய குழந்தைகள் என்பது புரியும். அவன் வாளை எடுக்கவில்லை. தன் வெறியைத் தேவனுக்கு முன் சொல்லிவிடுகிறான். பாபிலோனிலிருந்த சிறையிருப்புக்காரருக்கு எரேமியா, நீங்கள் இருக்கும் பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்று கடிதம் எழுதுகிறார் (29:7). இரண்டும் ஒரே வேதத்தில் இருக்கின்றன. கோபத்தில் இருக்கும் நாளில் முதலில் சங்கீதம், பிறகு எரேமியா என்று வாசியுங்கள். வரிசையை மாற்றினால் இரண்டாவது வெறும் உபதேசமாகிவிடும்.

கோபம் இல்லாத நாளில் 137 வந்தால், இன்று இப்படிப் பாட நேர்ந்தவர் யார் என்று கேட்டு, அவருக்குப் பதிலாக வாசியுங்கள்.

வசனத்தோடு வாதாடவும் தயங்கவேண்டாம். பிள்ளைகளின் அப்பத்தை நாய்க்குட்டிகளுக்குப் போடுகிறது நல்லதல்ல என்ற இயேசுவின் கடுஞ்சொல்லைக் கேட்ட கானானிய ஸ்திரீ எழுந்து போகவில்லை, மெய்தான் என்று சொல்லி அதோடு அடங்கவும் இல்லை. அந்தச் சொல்லையே பிடித்துக்கொண்டு, மேஜையிலிருந்து விழும் துணிக்கைகள் இருக்கிறதே என்று திருப்பிக் கேட்டாள். வசனத்தைப் பிடித்துக்கொண்டே அதனோடு போராட முடியும் என்பதற்கு அவள் சாட்சி.

படி 8: யாரிடம் சொல்லக்கூடாது?

மகனை அடக்கம் செய்துவிட்டு வந்தவரிடம் ஆபிரகாமைப் பற்றிப் பேசாதீர்கள். அடி வாங்கும் மனைவியிடம் கீழ்ப்படிதலின் வசனத்தை நீட்டாதீர்கள். அவளுக்கு முதலில் பாதுகாப்பான இடம் வேண்டும். கடினமான பகுதிகள் நம்மை நாமே சோதிக்கத்தான், பிறர் காயத்துக்கு விளக்கம் சொல்ல அல்ல. யோபின் சிநேகிதர்கள் ஏழு நாள் பேசாமல் உட்கார்ந்திருந்தவரை நல்ல சிநேகிதர்களாகவே இருந்தார்கள்.

படி 9: தீராதவற்றைத் தீராதவையாக வையுங்கள்

இத்தனைக்குப் பிறகும் சில பகுதிகள் மசியாது. குறிப்பேட்டில் தேதி போட்டு, எங்கே நிற்கிறேன் என்று இரண்டு வரி எழுதி மூடுங்கள். வேதம் ஆட்டுக்குட்டி நடக்கவும் யானை நீந்தவும் கூடிய ஆறு என்று போப் மகா கிரகோரி (சுமார் 540–604) எழுதினார். இந்த ஆண்டு கால் எட்டாத இடம் பின்னொரு ஆண்டு எட்டலாம். இது கடினமான உபதேசம் என்று பலர் பின்வாங்கிப் போனபோது பேதுரு எல்லாம் புரிந்ததாகச் சொல்லவில்லை, யாரிடத்தில் போவோம் என்றுதான் கேட்டான் (யோவான் 6:68).

தொடங்குகிறவர்கள் சங்கீதம் 88இலிருந்து தொடங்குவது நல்லது. ஆறுதல் வரி எதுவும் இல்லாமலே முடியும் சங்கீதம் அது. தீராமல் நிற்கப் பழக்கும். பிறகு மாற்கு 10, அதன்பின் ஆதியாகமம் 22, பிறகு 137. யோசுவாவை மொத்தமாக எடுக்காமல், ராகாபின் கதையிலிருந்து உள்ளே போங்கள். நியாயாதிபதிகள் 19ஐ மட்டும் தனியாக வாசிக்கவேண்டாம். நம்பிக்கையான இரண்டு மூன்று பேரோடு, அவர்களில் ஒரு பெண்ணாவது இருக்க, வாய்விட்டு வாசியுங்கள். வாசித்து முடித்ததும் அவளையே முதலில் பேசச் சொல்லுங்கள்.